கறிவேப்பிலைச் செடியில் பிறந்த ரோஸ்

கோபிச்செட்டிபாளையத்தில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். பிளவுஸுக்கு மேட்சிங் எடுக்க வருகிறவர்களிடம் நான் தவறாமல் சொல்வது ஒன்று உண்டு: டியூப்லைட்டில் நிறம் பார்க்காதீர்கள், துணியை வாசலுக்கு எடுத்துப் போய்ப் பாருங்கள். பட்டாம்பூச்சிப் படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும்போது எனக்கே அது மறந்துபோனது. மறந்ததற்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கடைக்குப் பின்னால் ஒரு கறிவேப்பிலைச் செடி. அதில் பறவை எச்சம் மாதிரி ஒரு புழு ஒட்டிக்கொண்டிருந்தது. நாலைந்து நாளில் தோலுரித்துப் பச்சையானது. ஹார்லிக்ஸ் பாட்டிலில் குச்சியோடு வைத்து வளர்த்தேன். கூடு கட்டிப் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு காலையில் வெளியே வந்தது. கருப்புச் சிறகு, பின்சிறகின் நடுவில் வெள்ளைத் திட்டு, ஓரத்தில் சிவப்புப் பிறைகள், வால் வேறு. படம் பிடித்து, 'காமன் ரோஸ்' என்று எழுதித் தெரிந்த நாலு பேருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அதில் ஒரு கல்லூரிப் பையன் கேட்டான்: "அக்கா, ரோஸ் எப்போதிருந்து கறிவேப்பிலை தின்கிறது?"

காமன் ரோஸின் புழு தின்பது ஆடுதீண்டாப்பாளை. அதன் சொந்தக்காரக் கொடியான ஈஸ்வரமூலியையும் தின்னும். அந்தக் கொடிகளின் நஞ்சு புழுவின் உடம்பில் சேர்ந்து, பட்டாம்பூச்சியான பிறகும் இருக்கும். ஒருமுறை தின்று பார்த்த பறவை அடுத்த முறை கிட்டே வராது. என் பாட்டிலிலிருந்து வந்தது காமன் மார்மன். அதன் பெண், நஞ்சில்லாமலேயே ரோஸின் சேலையைக் கட்டிக்கொண்டு திரிகிறாள்.

சொல்லப்போனால் இந்தப் பெண்ணுக்கு மூன்று உடுப்பு. ஒன்று ஆணைப் போலவே: கருப்பு, பின்சிறகின் குறுக்கே வெள்ளைத் திட்டுகளின் வரிசை. இரண்டாவது காமன் ரோஸைப் போல. மூன்றாவது கிரிம்சன் ரோஸைப் போல: முன்சிறகில் வெள்ளைப் பட்டைகள், பின்சிறகில் நிறையச் சிவப்பு. ஆணுக்கு எப்போதும் ஒரே உடுப்புதான்.

பிரிப்பது எப்படி? சிறகை விட்டுவிட்டு உடம்பைப் பாருங்கள். காமன் ரோஸுக்கும் கிரிம்சன் ரோஸுக்கும் தலையிலும் வயிற்றுப் பக்கத்திலும் பளிச்சென்ற சிவப்பு இருக்கும். கிரிம்சன் ரோஸுக்குத் தமிழில் சிவப்புடல் அழகி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், பொருத்தமான பெயர். மார்மனுக்கு எந்த உடுப்பிலும் உடம்பு கருப்பு. சேலையைக் காப்பியடித்தவள் ரவிக்கையை மறந்துவிட்டாள். இந்தக் குடும்பத்துப் பூச்சிகள் தேன் குடிக்கும்போதும் முன்சிறகைப் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும், படத்தில் சிறகு கலங்கிப்போகும். கவலை வேண்டாம். உடம்பு அவ்வளவாக அசையாது. சிறகு கலங்கிய படத்தை அழித்துவிடாதீர்கள், பெயர் சொல்ல அதுவே போதும்.

அடுத்து வெந்தய வரியன். ஆங்கிலத்தில் பிளெயின் டைகர். எருக்கஞ்செடி இருக்கும் இடமெல்லாம் இது இருக்கும், அதனால் ஆரஞ்சு நிறத்தில் எது பறந்தாலும் இதன் பெயரையே எழுதிவிடுகிறோம். டானெய்ட் எக்ஃபிளை என்ற பூச்சியின் பெண் அச்சு அசல் இதே மாதிரி இருப்பாள். பின்சிறகில் புள்ளிகளை எண்ணுங்கள். வெந்தய வரியனுக்குச் சிறகின் நடுப்பகுதியில் மூன்று கரும்புள்ளிகள். ஆணுக்கு நான்காவதாக ஒன்று இருக்கும், அது வாசனைப் பை. எக்ஃபிளைக்கு நடுவில் ஒன்றும் இல்லை. முன்விளிம்பை ஒட்டி ஒரே ஒரு கரும்புள்ளி. அவ்வளவுதான். எக்ஃபிளையின் ஆணைப் பார்த்தால் ஆணும் பெண்ணும் ஒரே இனம் என்று நம்பவே மாட்டீர்கள். கருப்புச் சிறகில் ஊதா விளிம்போடு பெரிய வெள்ளை வட்டங்கள்.

படம் எடுக்கும் முறையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். துணிக்கு நல்ல பக்கம், உள்பக்கம் என்று இருப்பது போல இதற்கும் இரண்டு பக்கம் உண்டு. இரண்டும் வேண்டும். சிறகை மூடி உட்கார்ந்திருந்தால் நேர் பக்கவாட்டில், கேமராவும் சிறகும் இணையாக இருக்கும்படி எடுங்கள். சாய்த்து எடுத்தால் ஒரு முனை கலங்கும், நமக்கு வேண்டிய புள்ளி அந்த முனையில்தான் இருக்கும். முதல் படத்தைத் தூரத்திலிருந்தே எடுத்துவிட வேண்டும், அப்புறம் ஒவ்வோர் அடியாக நெருங்கலாம். உங்கள் நிழல் அதன்மேல் விழுந்தால் பறந்துவிடும். எந்தச் செடியில் உட்கார்ந்தது, எந்தச் செடியில் முட்டையிட்டது என்பதையும் ஒரு படமாக எடுத்து வையுங்கள். என்னைத் திருத்தியதே ஒரு செடிதானே. பிறரிடம் கேட்க அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, புள்ளிகள் மங்கிவிடும்.

கருப்பன் வகைப் பட்டாம்பூச்சிகளில் ஆட்கள் சண்டையே போட்டுக்கொள்வார்கள். காமன் குரோ, அதாவது வெண்புள்ளிக் கருப்பன், ஒன்று. டபுள்-பிராண்டட் குரோ இன்னொன்று. ஆணின் முன்சிறகில், மேல்பக்கத்தில், தேய்த்த மாதிரி ஒரு கோடு தெரிந்தால் முன்னது. இரண்டு கோடு தெரிந்தால் பின்னது. சிறகை மூடியிருக்கும்போது இந்தக் கோடு தெரியாது. கிலுகிலுப்பைச் செடி கிடைத்தால் அங்கேயே காத்திருங்கள். ஆண்கள் அதன் சாற்றை உறிஞ்ச வந்து மயங்கினாற்போல் கிடக்கும், என்றாவது சிறகை விரிக்கும். நீல வரியன்களும் அதே கூட்டத்தில் இருக்கும். வெளிர்நீலத் திட்டுகள் அகலமாக இருந்தால் புளூ டைகர். ஒல்லியாகி, கருப்பு அதிகமாகத் தெரிந்தால் டார்க் புளூ டைகர். முதலில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பழகுங்கள், தனியாகப் பார்த்தால் எல்லாமே அகலமாகத்தான் தெரியும்.

குரோ வேஷம் போடும் காமன் மைம் என்று ஒன்றும் உண்டு. அது மார்மனின் சொந்தக்காரன். பின்சிறகின் கடைசி ஓரத்தில் மஞ்சள் புள்ளிகள் இருக்கும். கால்கள் தெரிந்தால் எண்ணுங்கள்: குரோ நாலு காலில் நிற்கும், முன்னங்கால்கள் குட்டையாகி மார்போடு ஒட்டியிருக்கும். மைம் ஆறு காலிலும் நிற்கும்.

மஞ்சள் பூச்சிகளுக்கு வருகிறேன். பவானி ஆற்றோரம், கொடிவேரிப் பக்கம், ஈர மணலில் கூட்டமாக உட்கார்ந்து உப்பை உறிஞ்சும் கிராஸ் யெல்லோக்கள். நாற்பது பூச்சியைப் பார்த்து 'எல்லாம் காமன்' என்று எழுதிவிட்டு வருவது எளிது. முன்சிறகின் அடிப்பக்கத்தில், அதாவது சிறகை மூடினால் வெளியே தெரியும் பக்கத்தில், உடம்பை ஒட்டி நரம்புகளுக்கு நடுவே இருக்கும் நீள் கட்டத்துக்குள் எத்தனை புள்ளி என்று பாருங்கள். இரண்டு என்றால் காமன், மூன்று என்றால் த்ரீ-ஸ்பாட், ஒன்று என்றால் ஒன்-ஸ்பாட். ஒன்றுமே இல்லையென்றால் ஸ்மால் அல்லது ஸ்பாட்லெஸ். கணக்கு சுலபம். ஆனால் மூடிய சிறகில் இந்தக் கட்டத்தின் பாதியைப் பின்சிறகு மறைத்துக்கொள்ளும். மூன்றாவது புள்ளி அங்கே ஒளிந்திருக்கலாம். முன்சிறகை மேலே தூக்கி உட்காரும் ஒரு நொடிக்காகக் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் 'கிராஸ் யெல்லோ' என்று மட்டும் எழுதி நிறுத்திக்கொள்ள வேண்டும். புழு கண்ணில் பட்டால் வேலை இன்னும் எளிது: கருப்புத் தலையோடு கூட்டமாக இருந்தால் த்ரீ-ஸ்பாட், பச்சைத் தலையோடு தனியாக இருந்தால் காமன். வெயில் காலத்தில் அடிப்பக்கத்தில் பழுப்புத் திட்டுகள் கூடும், அதைப் பார்த்து வேறு இனம் என்று ஏமாறாதீர்கள். மழைக்கால உடுப்பு, வெயில்கால உடுப்பு இரண்டும் ஒரே பூச்சிக்குத்தான்.

செயலிகள் படத்தைப் பார்த்துப் பெயர் சொல்கின்றன. நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது மூன்று பெயர் காட்டினால், முதல் பெயரை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று தேடிப் படித்து, அந்த இடத்தைப் படத்தில் பெரிதாக்கிப் பார்ப்பேன்.

கடைசியாக வெட்டுக்காயப் பூண்டின் பூவில் உட்காரும் குட்டி நீலங்கள், கிராஸ் புளூக்கள். அந்தப் பூவைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருக்கும். இவற்றிலும் முன்சிறகின் அடியில் கட்டத்துக்குள் பாருங்கள். புள்ளி இருந்தால் பேல் அல்லது டார்க். இல்லையென்றால் லெஸ்ஸர் அல்லது டைனி. டைனிக்கு முன்விளிம்பில் கடுகு வைத்தாற்போல் குட்டிப் புள்ளிகள் உண்டு. இதற்கு ஊசியில் நூல் கோர்க்கும் கண் வேண்டும், எனக்கு அது இப்போது கண்ணாடி போட்டால்தான். என் கணினியில் 'தெரியல' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. அதில் பாதி இந்த நீலங்கள்தான். மழை நாளில் கடையில் கூட்டம் இல்லாதபோது திறந்து பார்ப்பேன். போன ஐப்பசியில் இரண்டு படம் அதிலிருந்து வெளியேறின, மூன்று புதிதாக உள்ளே போயின.