மலைக்குளிரில் கைப்பேசியையும் வீடியோ விளையாட்டுக் கருவியையும் காப்பது எப்படி

மார்கழி பிறந்துவிட்டால், உதகையில் நான் கடை திறக்கும் முன்பே ஒரே புகாருடன் ஆட்கள் வந்து நிற்பார்கள். “அண்ணா, 40 சதவீதம் சார்ஜ் இருந்தது. கேரட் எடுத்துக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிட்டது. பேட்டரியை மாற்றிக் கொடுங்கள்” என்று தலைகுந்தா பக்கத்துத் தம்பி ஒருவர் போன ஆண்டு கைப்பேசியை நீட்டினார். வாங்கினால் ஓடைக்கல்லைப் போலச் சில்லென்று இருந்தது. நான் அதைப் பிரிக்கவே இல்லை. ஸ்வெட்டரின் உள்பையில் போட்டுக்கொண்டு, அவருக்கு ஒரு தேநீர் சொன்னேன். கால் மணி நேரம் கழித்து ஆன் செய்தபோது 38 சதவீதம் காட்டியது.

லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும் திரவம் குளிரில் மந்தமாகிவிடும். சார்ஜ் எங்கும் போகவில்லை. வெளியே வர முடியாமல் தவிக்கிறது, அவ்வளவுதான். மின்னழுத்தம் சட்டென்று இறங்கியதும் கைப்பேசி தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடுகிறது. ஆகவே பனிக்காலத்தில் கைப்பேசியைச் சட்டைக்கு மேல் பையில் வைக்காதீர்கள். உடம்புச் சூடு படும் உள்பையில் வையுங்கள். அணைந்துபோனால் உடம்போடு அணைத்து வைத்துச் சூடேற்றுங்கள். கணப்பின் அருகில் வைக்கவே கூடாது. வெதுவெதுப்பான அறையிலும் 30 சதவீதத்தில் அணைகிறது என்றால் மட்டும் பேட்டரி கிழடாகிவிட்டது என்று அர்த்தம். அப்போது மாற்றிக்கொள்ளலாம்.

இதைவிட முக்கியமானது ஒன்று. உறைபனி விழுந்த இரவில் ஜீப்பிலோ பைக் பெட்டியிலோ கிடந்த கைப்பேசியை எடுத்ததும் சார்ஜரில் சொருகாதீர்கள். பூஜ்ய டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால், லித்தியம் உள்ளே போய்ச் சேராமல் மின்வாயின் மேல் உலோகமாகப் படிந்துவிடும். அந்தச் சேதம் திரும்ப ஆறாது. அரை மணி நேரம் அறையில் வைத்துவிட்டு ஏற்றுங்கள். குளிருகிறதே என்று கம்பளிக்குள் வைத்து ஏற்றுவோரும் இருக்கிறார்கள். அது எதிர்ப்பக்க ஆபத்து, சூடு வெளியேற வழி இருக்காது. ஐபோனை 0 முதல் 35 டிகிரி வரையிலும், நின்டெண்டோ சுவிட்ச், பிளேஸ்டேஷன் 5 என்ற விளையாட்டுக் கருவிகள் இரண்டையும் 5 முதல் 35 டிகிரி வரையிலும் இயக்கச் சொல்கிறார்கள். ஜனவரி விடியலில் நம் ஊர் முன்னறை அந்த ஐந்தை ஒட்டியே நிற்கும்.

ஆனால் பதினான்கு ஆண்டுகளாக என் மேஜைக்கு வந்த பொருள்களைக் கணக்கிட்டால், குளிரால் கெட்டது கொஞ்சம். ஈரத்தால் கெட்டதுதான் அதிகம். தண்ணீரில் விழுந்த கைப்பேசியைச் சொல்லவில்லை. வெளியிலிருந்து வந்து அடுப்படிக்குள் நுழைந்ததும் மூக்குக்கண்ணாடி வெளுத்துப்போகிறதல்லவா, அதே நீராவி கைப்பேசியின் உள்ளேயும் படிகிறது. நாம் கண்ணாடியைத் துடைத்துக்கொள்கிறோம். உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டை யார் துடைப்பது?

எனவே பனியில் நின்றுவிட்டு வீட்டுக்குள் வரும்போது, வாசலிலேயே கேமராவையும் கையடக்க விளையாட்டுக் கருவியையும் அழுத்தி மூடும் பிளாஸ்டிக் பையில் போட்டு மூடிவிடுங்கள். ஈரம் பையின் வெளியே படியும். முக்கால் மணி நேரம் கழித்துத் திறங்கள். மழை மாலையில் கூரியரில் வந்த புதிய கருவிக்கும் இதே கதிதான். பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும் பெட்டியைப் பிரிக்காமல் இரண்டு மூன்று மணி நேரம் அறையிலேயே விட்டு வைத்து, பிறகு மின்சாரம் கொடுங்கள்.

தூசியும் தண்ணீரும் புகாது என்று சொல்லும் ஐபி68 முத்திரையை நம்பி வெந்நீர்க் குளியலறைக்குள் பாட்டுக் கேட்கக் கொண்டுபோகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சோதனை சலனமில்லாத நல்ல தண்ணீரில் செய்யப்படுவது. ஆவி நுழையும் இடுக்கு வேறு. ரப்பர், பசை எல்லாம் வயதானால் பிடிப்பை இழக்கும்.

கோத்தகிரியிலிருந்து கல்லூரி மாணவி ஒருவர் நின்டெண்டோ சுவிட்ச் கருவியைக் கொண்டுவந்தார். சாரலில் நனைந்ததும் அரிசி டப்பாவில் இரண்டு நாள் புதைத்து வைத்திருந்தாராம். சார்ஜ் துளையை லென்ஸில் பார்த்தேன். நடுவில் இருக்கும் சின்ன நாக்கில் பக்கத்துக்குப் பன்னிரண்டாகத் தங்கப் பூச்சுப் பட்டைகள் இருக்கும். அவற்றில் மின்சாரம் வரும் பட்டைகள் மட்டும் கறுத்து, ஓரத்தில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. அதன்மேல் அரிசி மாவு பசைபோல ஒட்டியிருந்தது. ஈரத்தோடு மின்சாரமும் சேர்ந்தால் அரிப்பு பல மடங்கு வேகமாகும். அதனால்தான் அந்தப் பட்டைகள் முதலில் போகின்றன. அரிசி நல்ல நோக்கத்தோடு செய்யும் தீங்கு. ஆப்பிள் நிறுவனமே அரிசி வேண்டாம் என்று 2024-இல் தன் வழிகாட்டிக் குறிப்பில் எழுதிவிட்டது.

துளை நனைந்தால் முதலில் கேபிளைப் பிடுங்குங்கள். துளை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து, உள்ளங்கையில் மெல்லத் தட்டுங்கள். காற்றோட்டமான உலர்ந்த இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். சாதாரண விசிறி போதும். முழுவதும் காய ஒரு நாள்கூட ஆகலாம். ஹேர் டிரையர், பஞ்சு, ஊக்கு எதுவும் வேண்டாம். களிம்பு தெரிந்தால், கருவியை அணைத்துவிட்டு, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த மெல்லிய தூரிகையால் உள்ளிருந்து வெளியே வருடுங்கள். கை கழுவும் சானிடைசர் உதவாது, அதில் தண்ணீர் இருக்கிறது. அந்த மாணவியின் கருவிக்கு இது போதவில்லை. துளையையே மாற்றிப் பற்றவைத்தேன். இப்போது நன்றாக ஓடுகிறது. பணம் கொடுத்துவிட்டுப் போகும்போது அவர் முகத்தில் இருந்த நிம்மதி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஜூனில் மழை இறங்கியதும் என் வீட்டில் செய்வதைச் சொல்கிறேன். ரப்பர் வளையம் உள்ள பெரிய டப்பா ஒன்று. அடியில் கால் கிலோ சிலிக்கா ஜெல், துணியில் முடிந்தது. அன்று விளையாடாத கண்ட்ரோலர், இயர்போன், கேமரா லென்ஸ் எல்லாம் இரவில் அதற்குள் போகும். ஈரம் குடித்தால் நிறம் மாறும் மணிகளை வாங்குங்கள். நீல மணியில் கோபால்ட் உண்டு. பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஆரஞ்சு மணி நல்லது. பச்சையாக மாறியதும் ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் மீண்டும் ஆரஞ்சாகும். மாதக்கணக்கில் எடுத்து வைப்பதானால் பேட்டரி பாதி நிரம்பியிருக்கட்டும். காலியாகக் கிடந்த பேட்டரிகள் எழுந்திருக்காமலே போனதை நிறையப் பார்த்துவிட்டேன்.

கண்ட்ரோலரின் குச்சியைத் தொடாமலே விளையாட்டில் வரும் கதாபாத்திரம் தானாக நடக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. அதற்குச் சாரலைக் குறை சொல்லாதீர்கள். உள்ளே உராயும் கரித்தடம் தேய்ந்துவிட்டது. அடுத்த முறை காந்தத்தால் இயங்கும் ஹால் எஃபெக்ட் குச்சி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

காற்றும் மழையுமாக ஒரு கற்பூர மரம் கம்பியின் மேல் சாய்ந்தால் மின்சாரம் போகும், வரும், மறுபடி போகும். வரும் நொடியில்தான் அழுத்தம் எகிறி அடாப்டர்கள் கருகுகின்றன. மின்சாரம் போனதும் விளையாட்டுப் பெட்டியின் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். திரும்பி வந்து, விளக்கு ஐந்து நிமிடம் மினுக்காமல் எரிந்த பிறகு சொருகுங்கள்.