முடி நடும்முன் டெக்னிக் பெயரில் மயங்காதீர்கள்

"அண்ணா, எஃப்யூஇ நல்லதா, டிஎச்ஐ நல்லதா?" முடி நடும் இரண்டு முறைகளின் பெயரைச் சொல்லிச் சித்தப்பா மகன் கேட்டான். வயது 26, அடுத்த வருஷம் கல்யாணம். பலரும் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறார்கள். முதல் தவறே அதுதான்.

நெல் நாற்று நடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். நாற்றங்கால் நம் பின்மண்டை. அங்கிருந்து எடுத்த வேர் நெற்றிக்கு வந்தாலும் தன் பழைய குணத்தோடுதான், அதாவது எளிதில் உதிராமல், வளரும். நியூயார்க் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் 1959-இல் எழுதிய இந்த உண்மைமேல்தான் மொத்த சிகிச்சையும் நிற்கிறது. ஆனால் எடுத்த இடத்தில் மறுபடி முளைக்காது. அதனால் என்ன டெக்னிக் என்பதற்கு முன்னால் பின்மண்டையில் எவ்வளவு இருப்பு இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

சரி, வித்தியாசம் என்ன? எஃப்யூடி என்ற பழைய முறையில் பின்மண்டைத் தோலை ஒரு பட்டையாக வெட்டி எடுத்து, தையல் போட்டு, அந்தப் பட்டையை மைக்ரோஸ்கோப்பில் வைத்து வேர் வேராகப் பிரிப்பார்கள். எஃப்யூஇ-யில் சுமார் 1 மி.மீ. அகலமுள்ள வட்டக் கத்தியால் ஒவ்வொன்றாகத் தோண்டுவார்கள். டிஎச்ஐ-யிலும் எடுப்பது எஃப்யூஇ முறையில்தான். நடும்போது மட்டும் பேனா மாதிரி ஒரு கருவி. 'சஃபையர்' என்பது துளை போடும் கத்தியின் முனை, அவ்வளவுதான். இந்தப் பெயர்களுக்காகக் கூடுதல் பணம் கேட்டால் நன்றாக யோசியுங்கள்.

'எஃப்யூஇ-யில் தழும்பே வராது' என்று நம்புவது அடுத்த தவறு. கோடு வராது, புள்ளிகள் வரும். 3000 வேர் எடுத்தால் 3000 புள்ளி. ஒரே இடத்தில் அளவுக்கு மீறித் தோண்டினால் பின்மண்டை செல்லரித்த துணிபோல ஆகிவிடும். ஒட்ட வெட்டிக்கொள்கிறவருக்கு எஃப்யூஇ பொருந்தும். முடியை நீளமாக விடுபவருக்கு எஃப்யூடி கோடு வெளியே தெரியாது. பழைய முறை என்று அதை ஒதுக்க வேண்டியதில்லை.

அப்புறம், விலை பேசும்போது ஒரு விஷயம். இதுவரை வேர் என்று சொன்னேனே, அதைத்தான் கிராஃப்ட் என்பார்கள். ஒரு கிராஃப்ட்டை உற்றுப் பார்த்தால் அதில் 1 முதல் 4 முடிகள் இருக்கும். '5000' என்று சொன்னால் முடியா, கிராஃப்ட்டா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். இரண்டுக்கும் பாதிக்குப் பாதி வித்தியாசம் வரும்.

உதிர்வது நிற்காத இளம் வயதில் அவசரப்படுவது இன்னும் பெரிய தவறு. நட்ட முடி முன்னால் நிற்கும், அதன் பின்னால் சொந்த முடி கொட்டிக்கொண்டே போகும். சில வருஷத்தில் நெற்றியில் ஒரு தீவு மட்டும் மிஞ்சும். உதிர்வதைக் குறைக்கும் மினாக்ஸிடில், ஃபினாஸ்டரைடு போன்ற மருந்துகள் பற்றி முதலில் தோல் மருத்துவரிடம் பேச வேண்டும்.

இதையெல்லாம்விட எனக்குப் பயம் தருவது, யார் கையில் தலையைக் கொடுக்கிறோம் என்று கேட்காமல் போய் உட்காருவதுதான். 2016-இல் சென்னையில் இந்தச் சிகிச்சைக்குப் பிறகு ஒரு மருத்துவ மாணவரே இறந்துபோனார். 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் இந்தச் சிகிச்சை பற்றி வழிகாட்டுதல் வெளியிட்டது. யூடியூப் பார்த்துக் கற்றதெல்லாம் பயிற்சி ஆகாது என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. வேர் எடுப்பது யார், துளை போடுவது யார், மயக்க மருந்து கொடுப்பது யார், அவசரம் என்றால் என்ன வசதி இருக்கிறது என்று நேராகக் கேளுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை எதையும் மறைக்காதீர்கள்.

தம்பிக்கு இன்னொன்றும் சொன்னேன். நட்ட முடி சில வாரங்களில் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். வேர் உள்ளேயே இருக்கும், அதனால் பதற வேண்டாம். மூன்று, நான்கு மாதத்தில் மெல்லிய முடி எட்டிப் பார்க்கும், முழுப் பலன் தெரிய ஒரு வருஷமாவது ஆகும். முகூர்த்தத்துக்கு இரண்டு மாதம் முன்னால் செய்துகொண்டால், தாலி கட்டும் நாளில் நெற்றி காலியாகத்தான் இருக்கும்.