பிரெஞ்சு 'ப்ளுஸ்': கடைசி எழுத்தைக் கவனியுங்கள்

பிரெஞ்சு கற்பவர்களை அதிகம் குழப்பும் சொல் 'ப்ளுஸ்'. எழுதினால் ஒன்றுதான், பொருளோ நேர் எதிர். "ழான் வெ ப்ளுஸ்" என்று 'ஸ்' ஒலித்தால் 'எனக்கு இன்னும் வேண்டும்'. "ழான் வெ ப்ளு" என்று நிறுத்தினால் 'இனி வேண்டாம்'! எழுத்தில் 'ந' என்ற மறுப்புச் சொல் முன்னால் வந்து காட்டிக்கொடுக்கும். பேச்சில் அதை விழுங்கிவிடுவார்கள், அப்போது கடைசி ஒலி ஒன்றுதான் துணை.

ஒப்பிடும்போது மட்டும் கவனம். 'ப்ளு கிரான்' என்றால் 'இன்னும் பெரிய'. 'ஸ்' ஒலிக்காவிட்டாலும் அங்கே 'அதிகம்' என்ற பொருள்தான்.

உணவகத்தில் சந்தேகம் வந்தால் இந்தச் சொல்லையே விட்டுவிடுங்கள். இன்னும் ரொட்டி வேண்டுமா? "ஆன்கோர் து பேன், சில் வூ ப்ளே" என்று கேளுங்கள், சரியாகப் புரிந்துவிடும்.