உதவித் தொகை கூடினால் போதுமா? தொண்டு நிறுவனக் கூட்டணிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2005 ஜூலை 2 அன்று ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் வெள்ளை உடையில் ஊர்வலம் போனார்கள். நடத்தியது, பிரிட்டனின் 500க்கும் மேற்பட்ட அமைப்புகள் சேர்ந்த 'மேக் பாவர்ட்டி ஹிஸ்டரி' ('வறுமையை வரலாறாக்குவோம்') கூட்டணி. ஏழை நாடுகளுக்கு நியாயமான வணிகம், கடன் தள்ளுபடி, கூடுதலான, மேலும் பயனுள்ள உதவி ஆகியவற்றைக் கேட்டார்கள். நான்கு நாள் கழித்துக் கூடிய ஜி8 என்ற எட்டு வல்லரசு நாடுகளின் தலைவர்கள், 2010க்குள் ஆண்டு உதவியை 5,000 கோடி டாலர் உயர்த்துவதாக அறிவித்தார்கள்.

இப்படிப்பட்ட கூட்டணிகள் செய்யும் பெரிய தவறு, தொகையை மட்டும் பிடித்துக்கொள்வது. தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை வெளிநாட்டு உதவிக்குத் தர வேண்டும் என்பது பல ஆண்டுக் கோரிக்கை. 2015இல் பிரிட்டன் அதைச் சட்டமாகவே இயற்றியது. ஆனால் இலக்கைத் தவறவிட்டால் நாடாளுமன்றத்துக்கு விளக்கம் தந்தால் போதும் என்று அதே சட்டம் இடம் விட்டது. 2021இல் அளவு 0.5 ஆகக் குறைந்தது. 2022இலோ மொத்த உதவியில் கால் பங்குக்கும் மேல், பிரிட்டனுக்குள்ளேயே அகதிகளைப் பராமரிக்கச் செலவானது. அகதிகளைக் காப்பது கட்டாயக் கடமை. அதற்கு ஏழை நாடுகளின் பங்கில் கைவைப்பது அநியாயம். சதவீதத்தைக் கேட்கும்போதே, எந்தச் செலவெல்லாம் உதவிக் கணக்கில் வரக்கூடாது என்றும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

குறிப்பாகக் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு பெர்காவ் அணை வழக்கே சாட்சி. மலேசியாவின் இந்த அணைக்கு பிரிட்டன் ஒதுக்கிய 23.4 கோடி பவுண்டு, ஆயுத விற்பனையோடு பின்னிக் கிடந்தது. 'வேர்ல்ட் டெவலப்மென்ட் மூவ்மென்ட்' என்ற பிரிட்டிஷ் தொண்டு அமைப்பு வழக்குப் போட்டது. 1994 நவம்பரில் அந்த உதவி சட்டவிரோதம் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறகு 2001இல், உதவிப் பணத்தில் பிரிட்டிஷ் கம்பெனிகளிடமே வாங்க வேண்டும் என்ற நிபந்தனை போனது. 2002இல் வறுமைக் குறைப்பே உதவியின் நோக்கம் என்று சட்டம் வந்தது. இத்தகைய வேலையில் கேமராவுக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. ஊர்வலத்தைவிட இதையே நான் பெரிய வெற்றியாக மதிக்கிறேன்.

அப்புறம், யாருக்காகப் பேசுகிறோமோ அவர்களையே ஓரங்கட்டுவது. எடின்பரோ ஊர்வலத்தன்றே அதே கோரிக்கைகளுக்காக லண்டன் ஹைட் பார்க்கில் 'லைவ் 8' இசை நிகழ்ச்சி நடந்தது. ஆப்பிரிக்கக் கலைஞர்கள் பலருக்குக் கிடைத்ததோ தொலைவில், கார்ன்வாலில் ஒரு தனி மேடை. கடனும் உதவியும் யார் வாழ்க்கையைத் தொடுகின்றனவோ, அவர்கள் கோரிக்கை எழுதும் அறையிலேயே இருக்க வேண்டும்.

சொல்லும் செயலும் முரண்படவும் கூடாது. பிரச்சாரத்தின் அடையாளமான வெள்ளைக் கைப்பட்டைகளில் ஒரு பகுதி, தொழிலாளர்களைச் சுரண்டிய சீனத் தொழிற்சாலைகளில் தயாரானது அந்த ஆண்டே அம்பலமானது.

கடைசியாக, சீக்கிரம் கலைவது. ஜி8 தந்த கெடு 2010. கூட்டணியோ 2006 தொடக்கத்திலேயே கலைந்துவிட்டது. கெடு வந்தபோது சொன்ன தொகை முழுதாக வரவில்லை. கூட்டணி அமைக்கும் நாளிலேயே, கெடு முடியும்வரை கணக்குக் கேட்க இரண்டு மூன்று பேருக்கான சம்பளத்தைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள்.