பலேர்மோவில் முதலில் கூரையைப் பாருங்கள்

இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலேர்மோவில், வட பிரான்சிலிருந்து வந்து ஆண்ட நார்மன்களின் அரண்மனைக்குள் இருக்கும் பலாத்தீனா சிற்றாலயத்துக்குப் போகிறவர்கள், எதிரே தங்கமாய் மின்னும் மொசைக்கைப் பார்த்ததும் அங்கேயே ஒட்டிக்கொள்வார்கள். நீங்கள் நடுக்கூடத்திலேயே நின்று அண்ணாந்து பாருங்கள். சின்ன பைனாகுலர் ஒன்று கட்டாயம் வேண்டும், வெறுங்கண்ணுக்கு அந்த உயரத்தில் எல்லாம் பூவேலை மாதிரிதான் தெரியும்.

கூரை முழுக்க மரம். தேனடையைக் கவிழ்த்து வைத்ததுபோல் குழிவு குழிவாகத் தொங்கும் இதற்கு முகர்னாஸ் என்று பெயர், இஸ்லாமிய நாடுகளின் மசூதிகளிலும் அரண்மனைகளிலும் பார்க்கிற அதே வேலை. குழிவுகளுக்குள் கோப்பையோடு சம்மணமிட்டவர், வாத்தியக்காரர், ஆடுகிற பெண், சதுரங்கம் ஆடும் இருவர் என்று ஓவியங்கள், ஓரத்தில் கூஃபி என்ற பழைய கோண வடிவ எழுத்தில் அரபு வாழ்த்துச் சொற்கள். மாதா கோவில் கூரையில் மதுக்கோப்பையா என்று கேட்கத் தோன்றும். இது அரசன் கொலுவிருந்த கூடமும்கூட, அதனால் அரசவைக் கொண்டாட்டம் மேலே ஏறிவிட்டது.

கழுத்து வலித்ததும் பீடத்தின் பக்கம் போகலாம். குவிமாடத்தில் தேவதூதர்கள் சூழ இயேசு, அடியில் 1143ஆம் ஆண்டைக் குறிக்கும் கிரேக்க வாசகம். இது பைசாந்திய மரபு, அதாவது கிழக்கு ரோமப் பேரரசின் கிரேக்கக் கிறிஸ்தவக் கலை. வெளியே வந்தால் சுவரில் 1142ஆம் ஆண்டின் கல்வெட்டு இருக்கிறது, சிசிலியின் நார்மன் அரசன் இரண்டாம் ரோஜர் செய்வித்த கடிகாரத்தைப் பற்றி லத்தீன், கிரேக்கம், அரபு மூன்றிலும் எழுதியது. இதையெல்லாம் மத நல்லிணக்கம் என்று சொல்வதை நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். 831இல் அரபுகள் பிடித்த ஊரை 1072இல் நார்மன்கள் பிடித்தார்கள், மூன்று மக்களும் என் கையில் என்று ராஜா காட்டிக்கொண்டதும் இதில் இருக்கிறது.

அப்புறம் கதீட்ரலுக்கு நடந்து போங்கள். தெற்கு வாசல் மண்டபத்தின் இடது ஓரத் தூணில் குர்ஆன் வசனம் செதுக்கியிருக்கும், அதைப் பார்க்காமலே ஆட்கள் கடந்து போவார்கள். அங்கிருந்து மார்த்தொரானா தேவாலயம். இயேசுவே ரோஜருக்குக் கிரீடம் வைக்கும் மொசைக்கைத் தேடுங்கள், போப்புக்கு அங்கே இடமில்லை. தலைக்கு மேல் கிரேக்க எழுத்தில் ‘ரொகேரியோஸ் ரெக்ஸ்’ என்றிருக்கும், அரசன் என்ற சொல் மட்டும் லத்தீன்.

அடுத்தே, மூன்று சிவப்புக் குவிமாடங்களோடு சான் கத்தால்தோ தேவாலயம். சுவரெல்லாம் வெறும் கல். தங்கத்தைப் பார்த்துக் கூசிய கண்ணுக்கு அதுதான் நல்லது, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.