குழந்தை தவழத் தொடங்கும் முன்: வீட்டுப் பாதுகாப்புப் பொருட்களைப் பார்த்து வாங்குவது எப்படி?

குழந்தை தவழ ஆரம்பித்ததும் பல வீடுகளில் மூலைக்காப்பு, பிளக் மூடி, டிராயர் பூட்டு எல்லாம் அடங்கிய ஒரு பெட்டியை இணையத்தில் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒட்டிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்தப் பெட்டி நெற்றி புடைப்பதைத் தடுக்கும். உயிருக்கே ஆபத்தான தண்ணீர்த் தொட்டி, மாடிப்படி, சாயும் பீரோ ஆகியவற்றுக்கு அதில் ஒன்றுமே இருக்காது. அதனால் எதை முதலில் வாங்குவது, கடையில் கையில் எடுத்து எப்படிச் சோதிப்பது என்று வரிசையாகச் சொல்கிறேன். மதுரை வீடுகளை மனதில் வைத்தே எழுதுகிறேன். வெளிநாட்டு வீடுகளுக்கென்று செய்த பொருட்கள் பல நம் சுவரிலும் கதவிலும் நிற்பதில்லை.

படி 1: தரையில் உட்கார்ந்து பட்டியல் போடுங்கள்

ஒரு தாளும் அளவு டேப்பும் போதும். ஒவ்வொரு அறையிலும் தரையில் உட்கார்ந்து, குழந்தையின் கண் மட்டத்தில் சுற்றிப் பாருங்கள். சமையல் மேடைக்கு அடியில் பினாயில், டிவிக்குப் பின்னால் தொங்கும் ஒயர், ஹாலிலேயே வைத்திருக்கும் இன்வெர்ட்டர் பேட்டரி, சுவரோரம் சாய்த்த அரிவாள்மனை என்று நின்றால் தெரியாதவை எல்லாம் அப்போது தெரியும். இடம் மாற்றினாலே போதும் என்பவற்றைத் தனியாக எழுதுங்கள். அவற்றுக்கு ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டாம். மீதிக்கு அளவெடுங்கள்: படிக்கட்டின் அகலம், கதவின் கனம், ஜன்னல் கம்பிகளின் இடைவெளி. அளவில்லாமல் கடைக்குப் போனால் கடைக்காரர் கொடுப்பதைத்தான் வாங்கி வருவீர்கள்.

படி 2: முதல் பணம் தண்ணீருக்கு

மாநகராட்சிக் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் பிடித்து வைப்பது நம் ஊர் வழக்கம். குளியலறையில் வாளி, பின்கட்டில் டிரம், வாசலில் தரைத்தொட்டி என்று வீடு முழுக்கத் தண்ணீர் நிற்கும். எட்டிப் பார்க்கும் குழந்தைக்கு உடம்பின் அளவுக்குத் தலைப்பாரம் அதிகம். தலைகுப்புற வாளிக்குள் சரிந்தால் அதனால் தானாக எழ முடியாது. சில அங்குலத் தண்ணீரே உயிரை எடுத்துவிடும். கத்தக்கூட முடியாது என்பதால் அடுத்த அறையில் இருப்பவருக்கு ஒரு சத்தமும் கேட்காது. இதை நான் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. இந்த ஆபத்துக்கான பொருள் அந்த இணையப் பெட்டியில் இருக்காது என்பதற்காகவே அழுத்திச் சொல்கிறேன்.

வாங்க வேண்டியது மூன்று. முதலாவது, குளியலறைக் கதவின் வெளிப்பக்கம், பெரியவர்களின் தோள் உயரத்தில் ஒரு டவர் போல்ட், அதாவது தண்டு ஓடும் தாழ்ப்பாள். ஹார்டுவேர் கடையில் எடுக்கும்போது தண்டை இழுத்துப் பாருங்கள். ஆடாமல், சிக்காமல் ஓட வேண்டும். ஈரம் படும் இடம் என்பதால் துருப்பிடிக்காத எஃகு அல்லது பித்தளையே நல்லது. இரண்டாவது, மரை போட்டு இறுக்கும் மூடியுள்ள டிரம். மேலே சும்மா வைத்திருக்கும் மூடியைக் குழந்தை ஒரே தள்ளில் நகர்த்திவிடும். மூன்றாவது, தரைத்தொட்டி மூடிக்குப் பூட்டு. பழைய தகர மூடி விளிம்பில் துருப்பிடித்திருந்தால் பூட்டு போட்டுப் பயனில்லை, மூடியையே மாற்றுங்கள். வாளிக்கு எதுவும் வாங்க வேண்டாம், கொட்டிக் கவிழ்த்து வைத்தால் போதும்.

படி 3: மாடிப்படிக்குக் கேட்

ஆயத்தக் கேட்டுகளில் இரண்டு வகை உண்டு. இருபுறச் சுவரையும் அழுத்தி நிற்பது ஒன்று, திருகாணியால் சுவரில் பொருத்துவது மற்றொன்று. படிக்கட்டின் மேல் முனைக்குத் திருகாணி வகை மட்டுமே சரி. அழுத்தி நிற்கும் வகை நாளடைவில் தளர்ந்துவிடும். அதன் அடிச்சட்டமும் நடைவழியிலேயே கிடப்பதால் குழந்தையைத் தூக்கி வரும் பெரியவர்களே இடறி விழுவார்கள். அது இரண்டு அறைகளுக்கு நடுவே வைக்க மட்டும் ஆகும்.

கேட்டில் பார்க்க வேண்டியவை: கம்பிகள் நெட்டாக மட்டுமே இருக்க வேண்டும், குறுக்குக் கம்பி இருந்தால் குழந்தைக்கு ஏணி வைத்துக் கொடுத்ததாகிவிடும். கம்பிகளின் இடைவெளியும் தரைக்கும் கேட்டுக்கும் உள்ள இடைவெளியும் 6 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். உயரம் 75 சென்டிமீட்டருக்குக் குறைய வேண்டாம். திறக்கும்போது கேட் படிக்கட்டுப் பக்கம் போகாமல் நம் பக்கமாக வர வேண்டும்.

இவற்றைவிட முக்கியமான சோதனை ஒன்று உண்டு: வீட்டில் இருக்கும் அப்பத்தா ஒரு கையால் அதைத் திறந்து மூட முடிகிறதா? இரண்டு கையாலும் அழுத்தி, தூக்கி, திருப்பித் திறக்கும் கொக்கி எத்தனை விலை உயர்ந்ததாக இருந்தாலும், ஒரே வாரத்தில் கேட் நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும். முடிந்தால் அவரையும் கடைக்குக் கூட்டிப் போய்த் திறக்கச் சொல்லுங்கள்.

மாசி வீதிகளைச் சுற்றியுள்ள பழைய வீடுகளில் படிக்கட்டு குறுகலாகவும் சுவர் கோணலாகவும் இருக்கும். அங்கே ஆயத்தக் கேட்டோடு மல்லுக்கட்டாமல், மேலே சொன்ன அளவுகளை எழுதிக்கொடுத்துப் பக்கத்து வெல்டிங் பட்டறையில் செய்துகொள்வதே மேல். வெல்டிங் பிசிறுகளை ராவித் தரச் சொல்லுங்கள்; விரலால் தடவிப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். பால்கனியில் புறாவுக்காகக் கட்டும் வலையைக் குழந்தைக்கான தடுப்பாக நம்பவே கூடாது.

படி 4: மின்சாரம்

பிளக் துளையில் செருகும் சிறு பிளாஸ்டிக் மூடிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். நம் நாட்டுத் துளைகளுக்குப் பொருந்தாத அளவில் பல வருகின்றன. இஸ்திரிப் பெட்டி போடக் கழற்றி வைக்கும் மூடியே குழந்தையின் வாய்க்குள் போகும். அந்தப் பணத்தில் ஷட்டர் உள்ள சாக்கெட்டை வாங்கி, கைக்கெட்டும் இடங்களில் மட்டும் மாற்றிவிடுங்கள்.

கடையில் புது சாக்கெட்டின் கீழ்த்துளைகளை உற்றுப் பாருங்கள். உள்ளே பித்தளை தெரியாமல் பிளாஸ்டிக் தடுப்பு தெரிய வேண்டும். ஒரு துளையில் மட்டும் குச்சியை வைத்து அழுத்தினால் தடுப்பு விலகக் கூடாது. மூன்று பின் பிளக்கைச் செருகினால் முரண்டு பிடிக்காமல் விலக வேண்டும். இந்தச் சோதனையை இணைப்பு இல்லாத புது சாக்கெட்டில் மட்டும், கடையிலேயே செய்யுங்கள். சாக்கெட்டில் ஐஎஸ்ஐ முத்திரையும், அதன் மேலே ஐஎஸ் 1293 என்ற எண்ணும், சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். இந்திய தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் அந்த உரிம எண்ணைக் கொடுத்தால் அது உண்மையா என்று தெரிந்துவிடும்.

எலக்ட்ரீஷியன் வரும்போதே, மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் முதலில் அதைப் போடுங்கள்.

படி 5: பீரோவைச் சுவரோடு பிணையுங்கள்

இழுப்பறைகளைத் திறந்து, அவற்றையே படியாக்கிக் குழந்தை ஏறினால் மேசையும் அலமாரியும் முன்னால் சாயும். மெல்லிய பிளாஸ்டிக் பட்டையில் வரும் பிணைப்புகள் நாளாக நாளாக நொறுங்கும். உலோக எல் ஆங்கிள் அல்லது கெட்டியான நைலான் பட்டை வாங்குங்கள். திருகாணி பூச்சைத் தாண்டிச் செங்கலுக்குள் இறங்க வேண்டும் என்பதால் 50 மில்லிமீட்டர் நீளம் கேளுங்கள். சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய சுவரென்றால் கொத்தனாரிடம் காட்டிவிட்டுத் துளை போடுவது நல்லது.

படி 6: ஒட்டுகிற பொருட்கள்

இனி மூலைக்காப்புக்கு வரலாம். டிஸ்டெம்பர் அடித்த சுவரில் நல்ல பசை டேப்பை ஒட்டி இழுத்துப் பாருங்கள். டேப்பின் பசை விட்டிருக்காது, அதில் சுவரின் மாவு அப்படியே உரிந்து வந்திருக்கும். ஆகவே சுண்ணாம்பு, டிஸ்டெம்பர் பரப்பில் எதையும் ஒட்ட வேண்டாம். மரம், கண்ணாடி, எனாமல் பெயின்ட் ஆகியவற்றில் ஒட்டும். ஒட்டும் முன் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். ஒட்டிய பிறகு ஒரு நாள் இழுக்காமல் விடுங்கள்.

பஞ்சு போன்ற மூலைக்காப்பை நகத்தால் கிள்ளினால் பிய்கிறதா என்று பாருங்கள். பிய்ந்தால் பல் முளைத்த குழந்தையும் பிய்த்து விழுங்கிவிடும். கெட்டியான சிலிக்கான் பரவாயில்லை, ஆனால் கழன்று வந்தால் முழுதாக வாய்க்குள் போகாத அளவில் இருக்கட்டும். பொம்மைச் சோதனையில் பயன்படும் உருளையின் குறுக்களவு 31.7 மில்லிமீட்டர், அதற்குள் அடங்கும் எதுவும் சிறு குழந்தையின் கையில் இருக்கக் கூடாது. 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கும் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம்.

ஆடிக் காற்றில் கதவு அறைந்து சாத்தும்போது விரல் நசுங்காமலிருக்க, கதவின் கனத்துக்கேற்ற தடுப்பை வாங்கிக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள்.

மேடைக்கு அடியில் கதவே இல்லாத சமையலறைக்கு டிராயர் பூட்டு எதற்கு? தண்ணீர் பாட்டிலில் அடைத்துத் தெருவில் விற்கும் பினாயிலையும் ஆசிட்டையும் வாங்குவதை நிறுத்திவிட்டு, மற்றவற்றைப் பரணில் ஏற்றுங்கள். பட்டன் பேட்டரி போடும் ரிமோட், கார்த்திகைக்கு வாங்கும் பேட்டரி விளக்கு எதுவானாலும் மூடியில் திருகாணி உள்ளதையே எடுங்கள். அந்தப் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் கடுமையாக அரித்துவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல் நேராக மருத்துவமனைக்கு ஓடுங்கள், அல்லது 108ஐ அழையுங்கள்.

குழந்தையை நடுவில் உட்கார வைக்கும் வட்ட வாக்கரை யார் பரிசளித்தாலும் ஏற்காதீர்கள். கனடா 2004லேயே அதைத் தடை செய்துவிட்டது. பின்னால் நின்று தள்ளிப் பழகுவதற்கு நம் மர நடைவண்டி இருக்கிறது.

பொருத்தியவற்றை மாதம் ஒருமுறை ஆட்டிப் பார்த்து, தளர்ந்ததை இறுக்குங்கள். குழந்தை கேட்டின் மேல் கால் போட்டு ஏற முயன்றால் அன்றே அதைக் கழற்றிவிடுங்கள். பிறகு ஏறி விழும் உயரத்தைக் கூட்டுவதற்குத்தான் அது உதவும். அந்த வயதில் கைப்பிடியைப் பிடித்துப் படி இறங்கக் கற்றுக்கொடுக்கத் தொடங்கலாம்.