ஊரில பழைய சாமான் சேர்க்கிறனீங்களோ? முதல்ல பதிவுக்கொப்பி

யாழ்ப்பாணத்தில இப்ப சனசமூக நிலையம், பள்ளிக்கூடம், கோயில் மடம் எண்டு கன இடத்தில பழைய சாமான் சேர்க்கினம், நல்ல விசயம், ஆனா கண்ணாடி அலுமாரிக்கு ஓடர் குடுக்க முதல் மட்டை கட்டின பெரிய கொப்பி ஒண்டு வாங்குங்கோ. ஆர் தந்தது, எங்க இருந்தது எண்டு எழுதாத சாமான் கொஞ்சக் காலத்தில வெறும் பித்தளையும் மரமும்தான். ஆனைக்கோட்டையில 1980இல கிடைச்ச முத்திரை எவ்வளவு சின்னன், அது பெருங்கற்காலப் புதைகுழியில எலும்புக்கூட்டோட கிடந்தது எண்ட பதிவு இருக்கிறபடியாத்தான் இண்டைக்கும் ஆய்வாளர் அதை வைச்சுக் கதைக்கினம்.

சாமான் வாசலுக்கு வந்த உடன முதல் கேள்வி, இது ஆற்ற? எங்கட ஊரில இதுதான் பெரிய சிக்கல். 1995 இடப்பெயர்வில பக்கத்து வீட்டில குடுத்திட்டுப் போனது, கனடாவில இருக்கிற பெரியம்மாவின்ர பெட்டகம், இப்பிடிக் கனக்க வரும். கொண்டுவாறவர் நல்ல மனசோடதான் கொண்டுவருவார், ஆனா குடுக்கிற உரிமை அவருக்கு இருக்கோ எண்டு கேளுங்கோ, கேக்கக் கூச்சப்படவேண்டாம். அன்பளிப்போ இரவலோ எண்டு தெளிவா எழுதி ரெண்டு பிரதியில கையெழுத்து வாங்குங்கோ, இரவல் எண்டா திருப்பிக் குடுக்கிற திகதியும் வேணும். "வைச்சிருங்கோ, பேந்து பாப்பம்" எண்டு சொன்னா வாங்காதேங்கோ. கிணறு, அத்திவாரம் வெட்டேக்க வந்த தொல்பொருள் எண்டா கதை வேற, 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இருக்கு, தொல்லியல் திணைக்களத்துக்கு அறிவிக்கோணும்.

பிறகு இலக்கம். 2025.4.2 எண்டா 2025இல வந்த நாலாவது அன்பளிப்பில ரெண்டாவது சாமான். மூடி தனியா இருந்தா 2025.4.2அ, 2025.4.2ஆ. ஒருக்கா குடுத்த இலக்கத்தை, சாமான் துலைஞ்சாலும், வேறொண்டுக்குக் குடுக்கவே கூடாது.

இலக்கத்தைச் சாமானில எழுதிறதுக்கும் முறை இருக்கு. உலோகம், மண்பாண்டத்தில வெளியில தெரியாத, ஆனா நிலத்தில உரசாத இடமாப் பாத்து பாரலாய்ட் பி-72 எண்ட நிறமில்லாத பிசினை மெல்லிசாப் பூசிக் காயவிட்டு, அதுக்கு மேல மையால எழுதி, திரும்ப ஒரு பூச்சு. தேவைப்பட்டா அசற்றோனால அழிச்செடுக்கலாம். நெயில் பொலிஷ் வேண்டாம், மஞ்சளாகி உரிஞ்சுபோகும். கடதாசிக்கு மென்மையான பென்சில், பின்பக்க மூலையில. சேலைக்குப் பருத்தி நாடாவில எழுதி ரெண்டு தையல். ஏட்டுச்சுவடியில ஒண்டும் எழுதவேண்டாம், பருத்தி நூலில அட்டை கட்டுங்கோ. ரப்பர் பாண்ட், செலோரேப் கிட்டவும் வரப்படாது.

விபரம் எழுதேக்க "பழைய தட்டம், பழுது" எண்டு எழுதினா ஒரு பிரயோசனமும் இல்லை. இப்பிடி எழுதுங்கோ: "பித்தளை வெத்திலைத்தட்டம், விட்டம் 24 செ.மீ., விளிம்பில 3 செ.மீ. வெடிப்பு, அடியில 'சி.க.' எண்டு வெட்டின எழுத்து, தந்தவரின்ர அம்மம்மா கலியாணத்துக்குப் பாவிச்சதாச் சொன்னவர்." அந்தக் கடைசி வரியை அவர் முன்னால இருக்கேக்கையே எழுதுங்கோ, நாளைக்கு எண்டு விட்டா பாதி மறந்துபோகும். இலக்க அட்டையும் அடிமட்டமும் தெரிய எல்லாப் பக்கமும் படம் எடுங்கோ. புளி போட்டு மினுக்கிப்போட்டுக் காட்சிக்கு வைக்கிற பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கோ, மினுக்க மினுக்க அந்த 'சி.க.' தேய்ஞ்சு போகும்.

வைக்கிற இடத்துக்கும் குறியீடு வேணும், அறை, அலுமாரி, தட்டு எண்டு. பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு ஒரு நாள் எடுத்தாலும் அந்த இடத்தில துண்டு ஒண்டு வைக்கோணும், ஆர் எடுத்தது, எப்ப வரும் எண்டு. நிலத்திலயும் சுவரோட முட்டியும் வைக்காதேங்கோ, கறையான் வாறது அதாலதான், மாரியில ஈரமும் ஏறும்.

கொப்பியில பிழை வந்தா வெள்ளை மை பூசாம ஒரு கோடு வெட்டிச் சின்னக் கையெழுத்து வையுங்கோ. பக்கங்களைப் படமெடுத்து வேற வீட்டிலயும் இணையத்திலயும் ஒவ்வொரு பிரதி, 1981இல யாழ் நூலகத்தோட 97,000 புத்தகம் எரிஞ்ச ஊரில இதுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. வருசத்தில ஒருக்கா கொப்பியில இருந்து இருபது இலக்கத்தை எடுத்துத் தட்டில தேடுங்கோ, பிறகு தட்டில இருந்து இருபது சாமானை எடுத்துக் கொப்பியில தேடுங்கோ. ரெண்டாவதிலதான் பதியாமக் கிடக்கிற சாமான் பிடிபடும், அதுகளுக்கு அண்டைக்கே இலக்கம் போடுங்கோ.